வீட்டுக் காப்பீடு: சொந்த வீட்டாரும் வாடகைதாரரும் அறிந்திருக்க வேண்டியவை

வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்துக்குக் காப்பீடு உண்டு. அந்த வாசலுக்குரிய வீட்டுக்கு இல்லை. நாட்டின் பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுவே. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் இயக்கக் கூடாது. வீட்டுக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் ஏதுமில்லை. எனவே, வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு வாங்கிய வீடு ஒரு புயலிலோ மின்கசிவுத் தீயிலோ சேதமடைந்தால், அதை மீண்டும் கட்டும் சுமை முழுவதும் அந்தக் குடும்பத்தின் மீதே விழுகிறது.

இத்தகைய ஆபத்து எங்கோ சிலருக்கு மட்டும் உரியது அன்று. நாட்டின் நிலப்பரப்பில் 58.6 சதவீதம் மிதமானது முதல் மிகக் கடுமையானது வரையிலான நிலநடுக்க அபாயத்துக்கு உட்பட்டது என்றும், 4 கோடி ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் வெள்ளத்துக்கும் ஆற்று அரிப்புக்கும் இலக்காகக் கூடியது என்றும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் குறிப்பிடுகிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல், 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம், 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் கொட்டிய 944 மில்லிமீட்டர் மழை, 2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த வெள்ளம், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளைப் புதைத்த நிலச்சரிவு என மலை, கடற்கரை, பெருநகரம் என்ற வேறுபாடின்றிப் பேரிடர்கள் வீடுகளை அழித்துள்ளன.

அரசு நிவாரணம் எதுவரை?

பேரிடர் நேர்ந்தால் அரசு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே பலரைக் காப்பீட்டின் பக்கம் திரும்ப விடாமல் தடுக்கிறது. ஆனால் நிவாரணம் என்பது உடனடித் துயர்துடைப்பு உதவி மட்டுமே; இழப்பை ஈடுசெய்யும் தொகை அன்று.

மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து உதவி வழங்குவதற்காக மத்திய உள்துறை அமைச்சகம் 2022-26 காலத்துக்கு வகுத்த நெறிகளின்படி, முழுமையாக இடிந்த வீட்டுக்குச் சமவெளிப் பகுதிகளில் ரூ.1.20 லட்சமும் மலைப் பகுதிகளில் ரூ.1.30 லட்சமும் நிர்ணயிக்கப்பட்டன. குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த நிலையான கட்டுமான வீட்டுக்கு ரூ.6,500 மட்டுமே. ஆடைகளுக்காகக் குடும்பம் ஒன்றுக்கு ரூ.2,500, பாத்திரங்கள் உள்ளிட்ட வீட்டு உபயோகப் பொருள்களுக்காக மேலும் ரூ.2,500 என்று அந்நெறிகள் வரையறுத்தன. மாநில அரசுகள் தம் சொந்த நிதியிலிருந்து கூடுதலாக வழங்குவதுண்டு. எனினும், வெள்ளத்தில் மூழ்கிய ஒரு குளிர்சாதனப் பெட்டியை மாற்றக்கூட ரூ.2,500 போதாது என்பது வெளிப்படை.

மேலும், இத்தொகைகள் பேரிடர்களுக்கானவை. மேல்தளத்தின் தண்ணீர்த் தொட்டி உடைந்து கூடம் நனைந்தாலோ, லாரி ஒன்று சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளினாலோ அரசின் நிவாரணத்தை எதிர்பார்க்க இயலாது. அன்றாடம் நேரக்கூடியவை இத்தகைய இழப்புகளே.

கடன் காப்பீடும் வீட்டுக் காப்பீடும் ஒன்றல்ல

வீட்டுக்கடன் பெற்றவர்களிடையே பரவலாக ஒரு குழப்பம் நிலவுகிறது. கடன் பெறும்போது வங்கியின் வழியாக எடுக்கப்படும் 'வீட்டுக்கடன் பாதுகாப்புத் திட்டம்' பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டின் ஒரு வகை. கடன் பெற்றவர் இறந்தால் நிலுவைக் கடனை அது அடைக்கும். வீடு தீக்கிரையானால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது. மாதத் தவணையும் நின்றுவிடாது. குடியிருக்க இயலாத வீட்டுக்கு மாதாமாதம் தவணை செலுத்திக்கொண்டே வேறிடத்தில் வாடகையும் கொடுக்க வேண்டிய நிலை அப்போதுதான் உருவாகிறது.

சில வங்கிகள் கட்டடத்துக்கும் காப்பீடு எடுக்குமாறு கோருகின்றன. அவ்வாறு எடுக்கப்பட்ட பாலிசியில் காப்பீட்டுத் தொகை கடன் அளவுக்கு மட்டுமே இருக்கக்கூடும். வீட்டுப் பொருள்கள் அதில் இடம்பெறாமலும் போகலாம். கடன் முடிந்தவுடன் பாலிசியும் புதுப்பிக்கப்படாமல் விடப்படுவதுண்டு. ஆகவே, கையில் உள்ள ஆவணம் எந்த வகையைச் சேர்ந்தது, எதைக் காக்கிறது, எப்போது முடிகிறது என்ற மூன்றையும் சரிபார்ப்பது முதல் கடமை.

பாரத் கிருஹ ரக்ஷா: ஒரே வடிவிலான பாலிசி

இந்தியாவில் வீடுகளுக்கான காப்பீடு நெடுங்காலம் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் பொருந்தும் தீக் காப்பீட்டு பாலிசியின் வடிவிலேயே விற்கப்பட்டு வந்தது. அதன் சட்டமொழி சாதாரண வாசகர்களுக்கு எட்டாததாக இருந்தது. இதை மாற்றும் நோக்கில், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ), 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் நிலையான வடிவம் கொண்ட வீட்டுக் காப்பீட்டு பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இந்த பாலிசியின் அடிப்படை விதிகள் ஒன்றே. பிரீமியமும் சேவையும் மட்டுமே வேறுபடும்.

கட்டடத்தை மட்டுமோ, பொருள்களை மட்டுமோ, இரண்டையும் சேர்த்தோ இதில் காப்பீடு செய்யலாம். பாலிசிக் காலம் ஓராண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை. ஓராண்டுக்கு மேற்பட்ட பாலிசிகளில், கட்டுமானச் செலவு உயர்வதைக் கருத்தில் கொண்டு, காப்பீட்டுத் தொகை கூடுதல் பிரீமியமின்றி ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக உயரும்.

கட்டடத்தைக் காப்பீடு செய்பவருக்கு, தனிப் பட்டியல் ஏதும் அளிக்காமலேயே, கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை, பொதுவான வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. இதைவிட அதிகம் தேவையென்றால் பொருள்களின் விவரங்களை அளித்துக் கூடுதல் தொகைக்குக் காப்பீடு பெறலாம்.

எந்த இடர்களுக்குப் பாதுகாப்பு?

தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், எரிமலைச் சீற்றம், புயல், சூறாவளி, ஆழிப்பேரலை, வெள்ளம், நீர் சூழ்தல், நிலம் உள்வாங்குதல், நிலச்சரிவு, பாறைச் சரிவு, காட்டுத் தீ ஆகியன பாலிசியின் வரம்புக்குள் வருகின்றன. வாகனம், விழும் மரம், விமானம் போன்றவை மோதுவதால் ஏற்படும் சேதம், ஏவுகணைச் சோதனையால் விளையும் சேதம், கலவரம், வேலைநிறுத்தம், தீயநோக்குடன் செய்யப்படும் நாசவேலை, பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டிகளும் குழாய்களும் உடைதல் அல்லது நிரம்பி வழிதல், தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்களின் கசிவு ஆகியவையும் அடங்கும்.

கட்டடம் குடியிருக்கத் தகாததாக மாறினால், மாற்று இருப்பிடத்துக்கான வாடகையையும், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் இழந்த வாடகையையும் பாலிசி விதிகளுக்கு உட்பட்டுக் கோரலாம். கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்றோரின் கட்டணத்துக்காகக் கோரிக்கைத் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடுகளை அகற்ற 2 சதவீதம் வரையும் வழங்கப்படும்.

கூடுதல் பிரீமியம் செலுத்தினால் இரண்டு விருப்பப் பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, நகை, கலைப்பொருள் போன்ற மதிப்புமிக்க பொருள்களுக்கானது. மற்றொன்று, காப்பீடு செய்யப்பட்ட இடரால் பாலிசிதாரரோ வாழ்க்கைத் துணையோ உயிரிழக்க நேர்ந்தால் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு.

எவை அடங்கா?

இழப்பீடு மறுக்கப்படும்போது எழும் கசப்பின் பெரும்பகுதி, விலக்குகளைப் படிக்காததால் விளைவது. அவற்றுள் முதன்மையானவற்றை அறிந்துகொள்வது நன்று.

திருட்டு: பூட்டை உடைத்துக் களவாடினால் பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பாதுகாப்பில் இழப்பீடு கிடைக்காது. வெள்ளம், தீ போன்ற காப்பீடு செய்யப்பட்ட இடர் நிகழ்ந்து, அதன் நேரடி விளைவாக 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. பொதுவான களவுக்குத் தனிப் பாதுகாப்பையோ, அதை உள்ளடக்கிய குடும்பத் தொகுப்பு பாலிசியையோ கேட்டு வாங்க வேண்டும்.

மின்சாதனப் பழுது: மின்னழுத்த ஏற்றத்தாலோ குறுக்குச் சுற்றாலோ தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் கருகினால், அந்தப் பெட்டிக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து தீ பரவி அறையும் பிற பொருள்களும் எரிந்தால், பரவிய தீயால் ஏற்பட்ட சேதத்துக்கு உண்டு.

மெல்ல நிகழும் சேதம்: சுவரில் ஆண்டுக்கணக்கில் ஊறும் நீர்க்கசிவு, தேய்மானம், புதுக் கட்டடம் இயல்பாக அமரும்போது தோன்றும் விரிசல் ஆகியன காப்பீட்டுக்கு உரியவை அல்ல. நிலம் உள்வாங்குதல் பட்டியலில் இருந்தாலும், தவறான வடிவமைப்பாலும் தரக்குறைவான வேலையாலும், கடல் அல்லது ஆற்று அரிப்பாலும் ஏற்படுவது விலக்கப்பட்டுள்ளது. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தபோது, நிலத்தின் அசைவா கட்டுமானத்தின் குறையா என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பது நாட்டுக்கே தெரிந்தது. காப்பீட்டிலும் இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்தக் கேள்விக்கான விடையையே பொறுத்துள்ளது.

பணமும் ஆவணங்களும்: ரொக்கம், காசோலை, பங்குப் பத்திரங்கள், தங்கக் கட்டிகள், பதிக்கப்படாத ரத்தினங்கள், கையெழுத்துப் படிகள், வாகனங்கள் ஆகியவை பொதுவான வீட்டுப் பொருள்களின் கணக்கில் வருவதில்லை.

அறிவிக்கப்படாத மாற்றங்கள்: வீட்டின் உட்பரப்பை 10 சதவீதத்துக்கு மேல் விரிவாக்கிவிட்டு அதற்குரிய கூடுதல் பிரீமியத்தைச் செலுத்தாவிட்டால், விரிவாக்கம் தொடர்பான கோரிக்கை சிக்கலுக்குள்ளாகும். மாடியில் அறை எழுப்பினாலும், குடியிருப்பைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றினாலும் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது அவசியம்.

இவை தவிர, போர், கதிரியக்கம், பாலிசிதாரரே வேண்டுமென்று விளைவிக்கும் சேதம் ஆகியனவும் விலக்கப்பட்டவை.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது?

வீட்டின் சந்தை விலைக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் தொடர்பில்லை. சந்தை விலையில் நிலத்தின் மதிப்பும் இடத்தின் மதிப்பும் சேர்ந்துள்ளன. நிலம் எரிந்து போவதில்லை. வீட்டை இன்றைய விலைவாசியில் மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவே காப்பீடு செய்ய வேண்டிய தொகை. வீட்டின் உட்பரப்பை, அதாவது கார்பெட் ஏரியாவை, அப்பகுதியில் நிலவும் கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்கி இது கணக்கிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு பெருநகர அடுக்குமாடி வீட்டின் சந்தை விலை ரூ.70 லட்சம், உட்பரப்பு 800 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ.2,200 என்று கொள்வோம். காப்பீடு செய்ய வேண்டிய தொகை ரூ.17.60 லட்சம். பொருள்களுக்குத் தானாகக் கிடைக்கும் 20 சதவீதம் ரூ.3.52 லட்சம். பிரீமியம் ரூ.17.60 லட்சத்தைக் கொண்டு கணக்கிடப்படுமே தவிர, ரூ.70 லட்சத்தைக் கொண்டு அன்று. வீட்டுக் காப்பீடு செலவு மிக்கது என்ற எண்ணம் பலருக்கு இந்த இரு தொகைகளையும் ஒன்றெனக் கருதுவதால் வருகிறது.

குறைவான தொகைக்குக் காப்பீடு செய்வதன் விளைவையும் அறிய வேண்டும். பழைய தீக் காப்பீட்டு விதிகளின்படி, ரூ.40 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை ரூ.20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு ரூ.10 லட்சம் சேதம் ஏற்பட்டால், அதே விகிதத்தில் பாதி, அதாவது ரூ.5 லட்சம் மட்டுமே கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் குறைப்பு முழுமையாக நீக்கப்பட்டுள்ளது. சேதம் காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்டிருந்தால் முழுவதும் கோரலாம். ஆயினும், வீடு முற்றிலும் அழிந்தால் கிடைப்பது காப்பீட்டுத் தொகை மட்டுமே என்பதால், குறைத்துக் காட்டி மிச்சப்படுத்தும் சிறு பிரீமியம் பின்னாளில் பெருநட்டமாகலாம்.

பிரீமியத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. வீடு அமைந்துள்ள நிலநடுக்க மண்டலம், காப்பீட்டுத் தொகை, பாலிசிக் காலம் ஆகியவற்றைப் பொறுத்துப் பிரீமியம் மாறும். விதிகள் ஒன்றாக இருப்பதால், இரண்டு மூன்று நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

வாடகைதாரருக்கு எதற்குக் காப்பீடு?

வீடு நம்முடையது அன்று, காப்பீடு வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று வாடகைதாரர்கள் கருதுகின்றனர். கட்டடத்தைப் பொறுத்தவரை அது சரியே. கட்டடத்தின் மீது வாடகைதாரருக்குக் காப்பீட்டுக்குரிய உரிமை இல்லை. அதை அவர் காப்பீடு செய்யத் தேவையும் இல்லை. ஆனால் உரிமையாளர் எடுத்த பாலிசி அவருடைய கட்டடத்தையும் அவருடைய பொருள்களையும் மட்டுமே காக்கும். வாடகைதாரரின் கட்டில், பீரோ, சலவை இயந்திரம், மடிக்கணினி, குழந்தைகளின் பாடப்புத்தகங்கள் எவையும் அதில் சேரா.

சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 108-ஆவது பிரிவு, தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வாடகைச் சொத்தின் முக்கியப் பகுதி முற்றாக அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாததாகிவிட்டாலோ குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமையைக் குத்தகைதாரருக்கு அளிக்கிறது. வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாத நிலையில் இது பொருந்தும். வாடகைப் பொறுப்பிலிருந்து விடுபட இச்சட்டம் வழிசெய்கிறதே தவிர, அழிந்த பொருள்களை மீட்டுத் தருவதில்லை. புது வீட்டுக்கு முன்பணமும், புதுப் பொருள்களுக்கு விலையும் ஒரே மாதத்தில் தேட வேண்டிய நிலை வாடகைக் குடும்பத்துக்கு ஏற்படுகிறது. வேலை நிமித்தம் வேற்று மாநிலத்தில், உறவினர் துணையின்றி வாழ்பவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கடுமையானது.

பொருள்களுக்கு மட்டுமான காப்பீட்டை வாடகைதாரர் தம் பெயரிலேயே எடுக்கலாம். கட்டடம் சேராததால் பிரீமியமும் குறைவு. கவனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, பொருள்களின் மதிப்பை வாடகைதாரரே பட்டியலிட்டு அறிவிக்க வேண்டும். கட்டடத்துடன் தானாகக் கிடைக்கும் 20 சதவீதச் சலுகை இவருக்குப் பொருந்தாது. இரண்டாவது, வீடு மாறும்போது புதிய முகவரியை நிறுவனத்துக்குத் தெரிவித்து பாலிசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பழைய முகவரிக்கான பாலிசி புதிய வீட்டில் நேரும் இழப்புக்கு உதவாது. மூன்றாவது, வாடகைதாரரின் கவனக்குறைவால் தீப்பற்றி உரிமையாளருக்கோ அண்டை வீட்டாருக்கோ சேதம் ஏற்பட்டால், அவர்கள் இழப்பீடு கோரக்கூடும். அந்தப் பொறுப்பையும் ஏற்கும் பிரிவு சில தொகுப்பு பாலிசிகளில் உள்ளது.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

அடுக்குமாடிகளில் குடியிருப்போர் சங்கம் முழுக் கட்டடத்தையும் ஒரே பாலிசியில் காப்பீடு செய்வது நடைமுறை. மின்தூக்கி, படிக்கட்டு, மொட்டைமாடி, சுற்றுச்சுவர் போன்ற பொது இடங்களைத் தனி உரிமையாளர் ஒருவரால் காப்பீடு செய்ய இயலாது என்பதால் இம்முறை பயனுள்ளது. சங்கத்தின் பாலிசி தம் வீட்டின் உட்பகுதியையும் உள்ளடக்கியதா, பொது இடங்களை மட்டுமா என்பதை உரிமையாளர் கேட்டறிய வேண்டும். ஒரே சொத்துக்கு இரண்டு பாலிசிகள் இருந்தாலும் உண்மையான இழப்புக்கு மேல் கிடைக்காது. காப்பீடு இழப்பை ஈடுசெய்வதற்கே அன்றி ஆதாயத்துக்கு அன்று என்பது அதன் அடிப்படை நெறி.

கட்டுமானக் குறைகளுக்கு வழி வேறு. மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016-இன் 14-ஆவது பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டுமான நிறுவனம் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். காப்பீடு ஏற்காத விரிசலுக்கு இந்தச் சட்டத்தின் கதவைத் தட்டலாம்.

நகைகளும் வங்கிப் பெட்டகமும்

நகைகளைக் காப்பீடு செய்ய விருப்பப் பிரிவைத் தேர்வு செய்து மதிப்பீட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை ரூ.5 லட்சத்துக்கும், தனிப்பொருளின் மதிப்பு ரூ.1 லட்சத்துக்கும் மிகாதபோது சான்றிதழ் தேவையில்லை.

வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் முழுப் பாதுகாப்பு என்பதும் உண்மையன்று. 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியரின் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருள்கள் இழக்கப்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு மட்டுமே. ஆண்டு வாடகை ரூ.3,000 எனில், எவ்வளவு நகை இருந்தாலும் கிடைப்பது ரூ.3 லட்சம். வங்கியின் கவனக்குறைவு இல்லாத நிலையில், நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அந்தப் பொறுப்பும் இல்லை.

எப்போது எடுப்பது?

புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிச்சென்று எடுக்கும் பொருள் அன்று காப்பீடு. காப்பீட்டுச் சட்டம், 1938-இன் 64-விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே பெறப்பட்டால் அன்றி நிறுவனம் எந்த இடரையும் ஏற்க முடியாது. ஏற்கெனவே நேர்ந்த சேதத்துக்குப் பின்னர் எடுத்த பாலிசி பயன்படாது.

பாலிசி வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கும் வழியுண்டு. 2024-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, தனிநபர் பாலிசிதாரர் காரணம் கூறாமலேயே எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்து, விதிகளுக்கு உட்பட்டு எஞ்சிய காலத்துக்கான பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம். நிறுவனமோ, மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே ரத்து செய்ய முடியும்.

இழப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியவை

இழப்பை அறிந்தவுடன் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்து, பதிவு எண்ணைப் பெற வேண்டும். தீ என்றால் தீயணைப்புத் துறைக்கும், திருட்டு, கலவரம், நாசவேலை என்றால் காவல் துறைக்கும் தெரிவித்து அறிக்கை பெறுதல் அவசியம். மேலும் சேதம் ஏற்படாமல் தடுக்க இயன்ற முயற்சிகளை எடுப்பது பாலிசிதாரரின் கடமை. ஆனால் மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் சேதமடைந்த பொருள்களை அப்புறப்படுத்தக் கூடாது. சுகாதாரக் காரணத்தால் அகற்ற வேண்டியிருந்தால், அதற்கு முன் தேதியுடன் படமும் காணொளியும் எடுத்து வைக்க வேண்டும். இழப்பு தெரியவந்த 30 நாள்களுக்குள் கோரிக்கைப் படிவத்தை அளிக்க வேண்டும்.

இழப்பைக் கணக்கிட உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை, அதாவது சர்வேயரை, நிறுவனம் அனுப்பும். கோரிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாள்களுக்குள் அவர் அறிக்கை அளிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாள்களுக்குள் நிறுவனம் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024-இல் காலவரம்பு விதித்துள்ளது.

கோரிக்கையை நிராகரித்தாலோ குறைத்தாலோ, பாலிசியின் எந்த விதியின்கீழ் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் முறையிடலாம். அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரூ.50 லட்சம் வரையிலான பிணக்குகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கொண்டு செல்லலாம். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் உரிமையுண்டு.

இன்றே செய்யக்கூடியது

பாலிசி எடுத்தவரும், இன்னும் முடிவெடுக்காதவரும் உடனே செய்யக்கூடிய எளிய பணி ஒன்றுண்டு. கைப்பேசியுடன் அறை அறையாகச் சென்று, அலமாரிகளைத் திறந்து, பொருள்களையும் அவற்றின் மாதிரி எண்களையும் காணொளியாகப் பதிவு செய்வது, ரசீதுகளைப் படமெடுப்பது, வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பாலிசி ஆகியவற்றின் படிகளுடன் அனைத்தையும் மின்னஞ்சலிலோ, வெளியூரிலுள்ள உறவினரிடமோ சேமித்து வைப்பது. எரிந்த அறையில் என்னென்ன இருந்தன என்பதை நினைவிலிருந்து பட்டியலிட்டு மெய்ப்பிப்பது கடினம். பட்டியல் தயாரானால், எவ்வளவு தொகைக்குப் பாதுகாப்பு தேவை என்பதும் தானே புலப்படும்.

காப்பீடு புயலைத் தடுப்பதில்லை, தீயை அணைப்பதுமில்லை. கடன் வாங்காமல் மீண்டும் கூரை அமைக்கவும், வாடகை வீட்டில் மீண்டும் அடுப்பு மூட்டவும் அது வழிசெய்கிறது. அந்த வழி இழப்புக்கு முன் முடிவெடுத்தவர்களுக்கே திறந்திருக்கும்.